புற்றுநோயாளிகளும் உடற்பயிற்சி பற்றிய அறிதலும்: காரைக்குடி வட்டாரத்தை முன்வைத்து

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரும் பெற்று முடித்தோரும் உடற்பயிற்சியின் பயனை எந்த அளவுக்கு அறிந்திருக்கிறார்கள் என்னும் கேள்வி, கடந்த 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளின் மருத்துவமனைகளில் வினாத்தாள் வழியாகவும் நேர்காணல் வழியாகவும் ஆராயப்பட்டு வருகிறது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரே முடிவைத்தான் தருகின்றன. உடற்பயிற்சி நல்லது என்பதை நோயாளிகள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் தமக்கு வந்திருக்கும் நோய்க்கு, தாம் இப்போது இருக்கும் சிகிச்சைக் கட்டத்தில், எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம், எதன் பொருட்டு என்று கேட்டால் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் குறைவு. ஊரறிந்த பொதுச் செய்தியாக இருக்கும் ஒன்று தனக்குரிய அறிவாக மாறாமல் நிற்பது ஏன் என்பதே இங்கு ஆராயப்படுவது. அந்தத் தடை நோயாளியின் அறியாமையில் இருப்பதைவிட, அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் இருப்பதிலும், சொன்னபின் உடன் நிற்க ஆளில்லாமல் போவதிலும்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

நோயாளி படுத்துக் கிடக்க வேண்டியவர் என்னும் எண்ணம் குடும்பங்கள் மட்டும் வளர்த்துக்கொண்டது அன்று. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவமே அப்படித்தான் சொல்லிவந்தது. மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றிய பழைய அறுவை முறையும், குமட்டலையும் வாந்தியையும் அடக்கத் தக்க மருந்துகள் வராத காலத்துக் கீமோதெரபியும், நோயாளியை உண்மையாகவே படுக்கையில் தள்ளின. ஆகவே ஓய்வு என்பது அறிவுரையாக மட்டுமன்றி வேறு வழியற்ற நிலையாகவும் இருந்தது. 1980களில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேரில் வின்னிங்ஹாமும் மேரி மக்விக்காரும் கீமோ பெற்றுக்கொண்டிருந்த மார்பகப் புற்றுநோயாளிகளை நிலைமிதிவண்டியில் மிதிக்கவைத்து ஆராய்ந்தபோதுதான், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் காலத்திலேயே உடலை இயக்கலாம், இயக்கினால் தாங்குதிறன் கூடுகிறது என்பதற்கு முறையான சான்று கிடைக்கத் தொடங்கியது. மருத்துவர்கள் பலர் அன்று ஐயத்தோடுதான் பார்த்தனர். அந்த ஐயத்தின் மிச்சம் இன்றைய நோயாளிகளின் வீடுகளில் அறிவுரையாக இன்னும் உலவுகிறது.

நோயாளிகள் அறியாதிருப்பவற்றுள் முதன்மையானது சோர்வைப் பற்றியது. புற்றுநோய்ச் சோர்வு என்பது உழைத்தபின் வரும் அசதியைப் போன்றதன்று. தூங்கி எழுந்தாலும் தீராதது, செய்த வேலைக்குப் பொருந்தாத அளவில் பெரியது, சிகிச்சை முடிந்து மாதங்கள் கடந்தும் சிலரிடம் நீடிப்பது. அசதிக்கு மருந்து ஓய்வு என்பது வாழ்நாள் முழுதும் பழகிய அறிவாதலால், நோயாளி மேலும் படுக்கிறார். படுக்கப் படுக்கத் தொடைத் தசை கரைகிறது, இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு குறைகிறது, அதனால் முன்பு எளிதாக ஏறிய நான்கு படிகளே மூச்சு வாங்க வைக்கின்றன. இப்படி மூச்சு வாங்குவதை நோய் முற்றியதன் அடையாளமாக நோயாளியும் வீட்டாரும் எடுத்துக்கொள்கிறார்கள். மறுபடியும் ஓய்வு கூடுகிறது. இந்தச் சுழற்சியை உடைப்பதில் உடலியக்கத்துக்கு இருக்கும் பயன் பல ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. ஆயினும், களைத்திருப்பவரைக் களைப்புத் தீர நடக்கச் சொல்வது கேட்பவருக்குக் கொடுமையாகவே படும் என்பதால், காரணத்தை விளக்காமல் சொல்லும் அறிவுரை இவ்விடத்தில் பயன் தருவதில்லை. செட்டிநாட்டு வீடுகளில் இதனோடு இன்னொரு நம்பிக்கையும் சேர்கிறது. தெம்பு என்பது உண்பதால் வருவது. ஆட்டுக்கால் சூப்பும் முட்டையும் பாலும் சத்துமாவும் கொடுத்து, ஆளை அசையவிடாமல் வைத்திருந்தால் உடம்பு தேறிவிடும் என்று அன்போடு பார்த்துக்கொள்கிறார்கள். புரதம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் தசைக்கு வேலை கொடுக்காமல் புரதம் மட்டும் கொடுத்தால் அது தசையாகத் தங்குவது குறைவு என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இரண்டாவது, கையைப் பற்றிய அச்சம். மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டால், அந்தப் பக்கக் கையிலிருந்து நிணநீர் வடியும் வழி குறைந்து, கை வீங்கக்கூடும். இதுவே நிணநீர் வீக்கம் எனப்படுகிறது. அந்தக் கையால் ஒரு பையைக்கூடத் தூக்கக் கூடாது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. கனடாவின் வான்கூவரில் 1996இல் டான் மக்கென்சி என்னும் விளையாட்டு மருத்துவர், இந்த அறுவை செய்துகொண்ட 24 பெண்களைக் கொண்டு நீள்படகுத் துடுப்புக் குழு ஒன்றை அமைத்து, கடுமையான கைப்பயிற்சியும் அஞ்சியபடி வீக்கத்தைக் கொண்டுவரவில்லை என்று காட்டினார். 2009இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் ஏற்கெனவே கைவீக்கம் இருந்த 141 பெண்களிடம் நடத்திய ஆய்வு இன்னும் அழுத்தமானது: மேற்பார்வையோடு சிறிது சிறிதாக எடையைக் கூட்டித் தூக்கிய பெண்களுக்கு வீக்கம் கூடவில்லை, மாறாக, வீக்கம் திடீரென மோசமாகும் நிகழ்வுகள் அவர்களிடம் குறைந்தன. இத்தனை ஆண்டுகள் கடந்தும் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பகுதிகளில் அறுவை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு அக்கம்பக்கத்தார் சொல்லும் முதற்செய்தி, குடத்தைத் தொடாதே என்பதுதான். முதல் சில வாரங்களுக்குப் பொருந்தும் எச்சரிக்கை ஆயுள் முழுவதற்குமான விலக்காக மாறிவிடுகிறது. தோள் இறுகி, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொண்டை போடமுடியாத நிலை அதனால் வருகிறது.

அறிவியல் சான்றுகள் சேரச் சேர வழிகாட்டு நெறிகளும் தெளிவடைந்தன. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2010இல் வெளியிட்ட நெறி, புற்றுநோயாளிகள் இயங்காமல் இருப்பதைத் தவிர்க்க வேண்டும் என்ற அளவில் நின்றது. அதே அமைப்பு பல நாட்டு வல்லுநர்களைக் கூட்டி 2019இல் வெளியிட்ட திருத்திய நெறி, மருந்துச் சீட்டைப் போல அளவையே குறித்தது: வாரத்தில் 3 நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம், பேசமுடியும் ஆனால் பாடமுடியாது என்னும் வேகத்தில் நடை போன்ற இயக்கம்; அதனோடு வாரத்தில் 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. இவ்வளவு செய்தால் பதற்றம், மனச்சோர்வு, உடற்சோர்வு ஆகியவை குறையும், உடலின் செயல்திறனும் வாழ்க்கைத் தரமும் உயரும் என்பதற்கு வலுவான சான்று இருப்பதாக அது கூறியது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட உடலியக்க நெறியும், புற்றுநோயிலிருந்து மீண்டவர்களைத் தனியே குறிப்பிட்டு உள்ளடக்கியது. 2022இல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் ஒரு படி மேலே சென்று, குணமாக்கும் நோக்குடன் சிகிச்சை பெறுவோருக்குச் சிகிச்சைக் காலத்திலேயே பயிற்சியைப் பரிந்துரைப்பது மருத்துவரின் கடமை என்னும்படியாக எழுதியது. உடலியக்கம் கட்டிக்குள்ளும் குருதியிலும் என்ன செய்கிறது என்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள், அதாவது இன்சுலின் அளவு குறைதல், நாள்பட்ட அழற்சி தணிதல், எதிர்ப்பணுக்கள் குருதியில் பெருகுதல் முதலியவை, இன்னும் ஆராயப்பட்டு வருபவை.

2025 ஜூன் மாதம் வெளிவந்த சேலஞ்ச் ஆய்வு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் அதன்பின் கீமோவும் முடித்த 889 பேரை, பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள 55 மருத்துவ மையங்களில் சேர்த்து, குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு பிரிவினருக்கு 3 ஆண்டுகள் கட்டமைத்த உடற்பயிற்சித் திட்டம் தரப்பட்டது. அளவாகப் பார்த்தால், வழக்கத்துக்கு மேல் வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரை விரைந்து நடப்பதற்கு நிகரானது. 5 ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தோர் பயிற்சிப் பிரிவில் நூற்றுக்கு 80.3 பேர், மற்றப் பிரிவில் 73.9 பேர், 8 ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தோர் முறையே 90.3, 83.2 பேர். சில புதிய மருந்துகள் தரும் பயனுக்கு நிகரான வேறுபாடு இது. தசை, மூட்டு சார்ந்த நோவுகள் பயிற்சிப் பிரிவில் சற்றுக் கூடுதலாக, 18.5 விழுக்காட்டினருக்கு ஏற்பட்டதையும், மற்றப் பிரிவில் அது 11.5 விழுக்காடாக இருந்ததையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை.

நோயாளிகளின் அறிவைப் பற்றிய கேள்விக்கு இந்த ஆய்வு தரும் பாடம் அதன் எண்களைவிட அதன் அமைப்பில் இருக்கிறது. பயிற்சி தரப்படாத பிரிவினர் எதுவும் அறியாமல் விடப்பட்டவர்கள் அல்லர். உடலியக்கத்தின் நன்மையையும் நல்ல உணவையும் விளக்கும் சுகாதாரக் கல்வி ஏடுகள் அவர்களுக்கும் கொடுக்கப்பட்டன. பயிற்சிப் பிரிவினருக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒரு மனிதர்: முதல் ஓராண்டு இரு வாரத்துக்கு ஒருமுறை சந்தித்து, போன தடவை பேசிய அளவு நடந்ததா, நடக்கவில்லையென்றால் எது தடுத்தது, முழங்கால் வலித்தால் எப்படி மாற்றிக்கொள்வது என்று கேட்டுத் தீர்த்து, பின்னர் மாதந்தோறும் தொடர்ந்து பேசிய பயிற்சி ஆலோசகர். எனவே, தாளில் அச்சிட்ட அறிவுக்கும் ஆள் கூட இருந்து தரும் அறிவுக்கும் இடையிலான வேறுபாடு, இந்த ஆய்வில் உயிர்களின் எண்ணிக்கையாகவே அளக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வதில் பிழையில்லை.

மருத்துவரின் சொல்லுக்கு உள்ள எடையும் தனியே ஆராயப்பட்டிருக்கிறது. கனடாவில் லீ ஜோன்சும் கெரி கோர்னியாவும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மார்பகப் புற்றுநோய்க்குப் புதிதாகச் சிகிச்சை தொடங்கிய 450 பெண்களில் ஒரு பிரிவினரிடம் அவர்களது புற்றுநோய் மருத்துவரே உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சுருக்கமாகச் சொன்னார், அவ்வளவுதான். சில வாரம் கழித்துக் கேட்டபோது, சொல்லப்படாதவர்களைவிட அவர்கள் கூடுதலாக இயங்கியிருந்தனர். மருத்துவர் சொன்னதை நினைவில் வைத்திருந்தோரிடம் அந்தப் பயன் மிகத் தெளிவாக இருந்தது. ஆனால் அச்சிறு சொல் பல இடங்களில் சொல்லப்படுவதில்லை. பிரிட்டனில் மேக்மில்லன் என்னும் புற்றுநோய் உதவி அமைப்பு 2011இல் வெளியிட்ட அறிக்கை, புற்றுநோயாளிகளோடு பழகும் மருத்துவர், செவிலியரில் பாதிக்கும் மேற்பட்டோர் உடலியக்கத்தைப் பற்றி நோயாளியிடம் பேசுவதே இல்லை என்று காட்டியது. வளமான பொது மருத்துவ அமைப்புள்ள நாட்டிலேயே இதுதான் நிலை என்றால், காலை முதல் மாலை வரை வரிசை குறையாத தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைப் புறநோயாளர் பிரிவில், ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில், இரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் அடுத்த கீமோ தேதியையும் தாண்டி எதுவும் பேச நேரமில்லாமற் போவதற்கு மருத்துவரைக் குறைகூறிப் பயனில்லை. மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை நோயாளி, செய்ய வேண்டாம் என்பதாகப் புரிந்துகொள்கிறார் என்பதே இதில் உள்ள சிக்கல்.

இந்தியாவில் சான்று இல்லாமலில்லை. மங்களூருவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களிடம் ஸ்டீபன் ராஜன் சாமுவேல் குழுவினர் நடத்திய ஆய்வுகளில், 6 நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தொலைவு நடக்கிறார் என்னும் எளிய சோதனையில், பயிற்சி பெறாதோரின் நடைதிறன் சிகிச்சைக் காலத்தில் சரிந்தது. பயிற்சி பெற்றோரிடம் அச்சரிவு தடுக்கப்பட்டது. புகையிலையும் வெற்றிலைப்பாக்கும் மிகுந்த நம் நாட்டில் வாய், தொண்டைப் புற்றுநோய் பெருவழக்கு என்பதால் இந்த ஆய்வு நமக்கு வெளிநாட்டு ஆய்வுகளைவிட நெருக்கமானது. மார்பகப் புற்றுநோயாளிகளிடம் யோகாவின் பயனும் பெங்களூரிலும் மும்பையிலும் விரிவாக ஆராயப்பட்டுள்ளது.

நோயாளியின் அறிவை அளக்கும் வினாத்தாள்கள் குறித்தும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். உடற்பயிற்சி நல்லதா என்று மருத்துவமனை வளாகத்தில், கையில் கோப்புடன் நிற்கும் ஒருவர் கேட்டால், ஆமாம் என்பதைத் தவிர வேறு விடை வருவது அரிது. இரண்டாவதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்–இன்டியாப் (ICMR–INDIAB) ஆய்வு 2014இல் காட்டியபடி, பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்வோர் நம்மிடையே பத்தில் ஒருவருக்கும் குறைவு. உடற்பயிற்சி என்றவுடன் ஜிம், ஓட்டம், பள்ளிக்கூட டிரில் ஆகியவையே மனக்கண்ணில் தோன்றும் 60 வயதுப் பெண், அதெல்லாம் எனக்கெதற்கு என்றுதான் விடையளிப்பார். ஆனால் அவரே விடியலில் வாசல் பெருக்கி, நடு வளவைக் கழுவி, கோயிலுக்கு நடந்து போய் வருபவராக இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வினாத்தாள் வேலை, போக்குவரத்து, ஓய்வுநேரம் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்பது இக்காரணத்தால்தான்.

தமிழில் புற்றுநோய்க் கல்வியின் வரலாறும் இவ்விடைவெளியை ஓரளவு விளக்குகிறது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரிலிருந்து எழுப்பிய அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1954இல் தொடங்கியபோது, இந்நோய்க்குச் சிகிச்சையே வீண் என்று நம்பிய சமூகத்தை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அந்நிறுவனத்தின் மருத்துவர் வி. சாந்தா பல பத்தாண்டுகள் ஊர் ஊராகக் கொண்டுசென்ற செய்தி, நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணமாக்கலாம் என்பது. அந்தக் காலத்துக்கு அதைவிட அவசரமான செய்தி வேறு இருந்திருக்க முடியாது. புகையிலையை விடுதல், அறிகுறிகளை அறிதல், பரிசோதனைக்கு வருதல் என்னும் மூன்றையும் சுற்றியே நம் துண்டறிக்கைகளும் வானொலி உரைகளும் அமைந்தன. இன்று சிகிச்சை முடிந்து பல ஆண்டு வாழ்வோர் பெருகியுள்ள நிலையில், அவர்கள் எப்படி வாழ வேண்டும் என்பதைத் தமிழில் சொல்லும் எழுத்து இன்னும் மெலிந்தே இருக்கிறது.

காரைக்குடி வட்டாரத்துக்கு வரும்போது கேள்வியின் வடிவமே மாறுகிறது. இங்குள்ள நோயாளிகள் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி, மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று பல திசைகளில் செல்கிறார்கள். அடையாறு செல்வோர் விடியலில் புறப்படும் பல்லவன் விரைவுவண்டியில் போகிறார்கள். அறுவை ஓரிடம், கீமோ ஓரிடம், மக்கள் கரண்ட் வைப்பது என்று சொல்லும் கதிர்வீச்சு இன்னோரிடம் என்று அமையும்போது, உடலியக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய பொறுப்பு யாருடையது என்பது மங்கிவிடுகிறது. இதனினும் ஆழமான தடை ஒன்று உண்டு. நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லாமல் மறைப்பது இந்தியக் குடும்பங்களில் பரவலாகக் காணப்படும் வழக்கம் என்று மருத்துவ இலக்கியம் பதிவுசெய்திருக்கிறது. இப்பகுதியிலும் ஆச்சிக்குச் சின்னக் கட்டி, அப்பச்சிக்குக் குடலில் புண் என்ற அளவில் பேச்சு நின்றுவிடுவதுண்டு. தனக்கு வந்திருப்பது இன்ன நோய் என்றே அறியாதவர், அந்த நோய்க்கு நடை என்ன பயன் தரும் என்று அறிந்திருக்க வழியில்லை. இங்கே அறிவு நோயாளியிடம் இல்லை, மகனிடமோ மருமகளிடமோ, சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்து அன்றாடம் தொலைபேசியில் விசாரிக்கும் மகளிடமோ இருக்கிறது. ஆகவே நோயாளிக்கு என்ன தெரியும் என்று மட்டும் கேட்கும் எந்த ஆய்வும் இவ்வட்டாரத்தில் பாதிக் கேள்வியையே கேட்கிறது; ஆச்சி நீங்க எந்திரிக்க வேணாம், என்ன வேணும்னு சொல்லுங்க என்று தடுப்பவருக்கு என்ன தெரியும் என்பது மறுபாதி.

வீட்டின் அமைப்பையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். தெருவிலிருந்து பின்தெரு வரை நீளும் நகரத்தார் வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கட்டுக்கட்டாக இடம் கிடக்கிறது. நாற்புறமும் தூண்களோடு தாழ்வாரம் சுற்றிவரும் வளவு, வெயில் தலையில் படாமல் நடக்க வாய்த்த இடம். கீமோவால் முடி கொட்டிய பெண், தெருவில் நடந்தால் ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சும் நிலையில், நான்கு சுவருக்குள்ளேயே திறந்த வெளி கிடைப்பது சிறிய வசதியன்று. ஆனால் அதே வீட்டில் உயரமான நிலைப்படிகள் உண்டு; கழுவிய ஈரத்தில் வழுக்கும் ஆத்தங்குடிக் கல் உண்டு. சில கீமோ மருந்துகள் பாத நரம்புகளைத் தாக்கி, தரையின் தொடுவுணர்வே குறைந்துபோகச் செய்யும்போது, இந்தப் படிகளும் ஈரத்தரையும் விழுந்து எலும்பு முறிய இடமாகின்றன. இருக்கையிலிருந்து எழுந்து மீண்டும் அமர்தல், தூணைப் பற்றி ஒரு காலில் நிற்றல் போன்ற சமநிலைப் பயிற்சிகள் இவர்களுக்கு நடையைப் போலவே தேவை. பெரிய வீடுகள் பலவற்றில் முதியவர் ஒருவரோ இருவரோ மட்டும் வாழ்கிறார்கள் என்பதும், உடன் நடக்க ஆளில்லை என்பதும் இதனோடு சேரும்.

நடையைப் பற்றி இந்த மண்ணுக்குத் தெரியாததும் இல்லை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி பழனிக்கு நடந்தே போய் நடந்தே திரும்புகிறது. நானூறு ஆண்டு மரபாகச் சொல்லப்படும் இந்தப் பயணத்தில், 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழியை, ஆண்டில் மற்ற நாட்களில் அதிகம் நடக்காதவர்களும் கடக்கிறார்கள். நாளுக்கு நாள் தொலைவைக் கூட்டுவது, விடியலிலும் மாலையிலும் நடந்து உச்சிவெயிலில் தங்குவது, கூட்டமாக நடப்பதால் தளராமல் இருப்பது என்பன யாத்திரை சென்றவர்கள் எல்லாரும் அறிந்தவை. பயிற்சி வல்லுநர்கள் சொல்வதும் ஏறத்தாழ இவற்றைத்தான். ஆயினும் அந்த நடை நேர்த்திக்கடனாக, உடலை வருத்திச் செலுத்தும் காணிக்கையாகவே எண்ணப்படுகிறது. நோயுற்ற உடலுக்கு நலம் தருவதாக அது எண்ணப்படுவதில்லை. இந்த அறிவு ஏற்கெனவே கையில் இருக்கையில், வெளியிலிருந்து புதிய பாடம் கற்பிப்பதைவிட, இதை நோயாளியின் அளவுக்குச் சுருக்கித் தருவது எளிது.

சிங்கம்புணரி, கல்லல், சாக்கோட்டைப் பகுதிகளின் கூலித் தொழிலாளிப் பெண்ணுக்கு நிலைமை வேறு. அவருக்கு ஓய்வு என்பது வருமான இழப்பு. சிகிச்சைக்கு இடையிலேயே நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ திரும்புகிறார். இயங்காமை அவருடைய சிக்கல் அன்று. எந்த வேலை தோளுக்குத் தகும், மண்சட்டியை எந்தப் பக்கம் தூக்குவது, சித்திரை வெயிலில் எப்போது நிறுத்துவது என்பவையே அவர் அறிய வேண்டியவை. மத்தியதர வீட்டு நோயாளிக்கு எழுதிய அறிவுரை அவருக்கு எதையும் சொல்வதில்லை.

அறிய வேண்டியவற்றில் நிறுத்த வேண்டிய இடங்களும் அடங்கும். காய்ச்சல் இருக்கும் நாளிலும், தட்டணுக்களோ ஹீமோகுளோபினோ மிகக் குறைந்திருக்கும்போதும், பயிற்சிக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் வளைத்தலும் முறுக்கலும் பாரமேற்றலும் முறிவில் முடியலாம். வயிற்றில் மலவழி அமைத்தவர்கள் பாரம் தூக்கினால் குடலிறக்கம் வரலாம். ஆனால் நோய் பரவிவிட்டது என்பதாலேயே இயக்கம் கூடாது என்று முடிவுகட்டுவதும் தவறு. ஐந்து ஐரோப்பிய நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் பரவிய மார்பகப் புற்றுநோயுள்ள 357 பேரிடம் நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், 9 மாத மேற்பார்வைப் பயிற்சி சோர்வைக் குறைத்து வாழ்க்கைத் தரத்தை உயர்த்தியது.

அறிவைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடுகள் தமிழ்நாட்டில் ஓரளவு உள்ளன. 2023 நவம்பரில் தொடங்கிய நடப்போம் நலம் பெறுவோம் திட்டம் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்தது. அது நலமுள்ளவர்களை மனத்தில் கொண்டது. புற்றுநோயாளிக்கு நெருக்கமானது 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். அதன் கீழ் இயன்முறை மருத்துவரும் நோய் தணிப்புச் செவிலியரும் வீடு தேடி வருகிறார்கள். பக்கவாதத்தில் விழுந்தவருக்கும் மூட்டு முடங்கியவருக்கும் கைகால் அசைக்கக் கற்றுத்தருகிறார்கள். சேலஞ்ச் ஆய்வில் பயிற்சி ஆலோசகர் செய்த வேலைக்கு மிக அண்மையான வேலையைச் செய்யக்கூடியவர் இந்த இயன்முறை மருத்துவரே. அதற்கு அவருக்குத் தேவைப்படுபவை, புற்றுநோய்ச் சிகிச்சையின் பின்விளைவுகளைப் பற்றிய குறுகிய பயிற்சியும், நோயாளி மதுரையிலிருந்தோ அடையாறிலிருந்தோ திரும்பும்போது கொண்டுவரும் வீடு திரும்பும் சீட்டில், எந்த அறுவை, எந்த மருந்து, எலும்பில் நோய் உண்டா இல்லையா என்பதோடு, நடக்கலாம், இவ்வளவு நடக்கலாம் என்று சிகிச்சை அளித்த மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு வரியுமே.